கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு கோப்பு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள தலைமைச் செயலகத்திலிருந்து ராஜ்நிவாசுக்கு நடந்து போனால் பத்து நிமிடம் ஆகாது. வழியில் பாரதி பூங்கா. பூங்காவின் ஒரு பக்கம் சட்டப்பேரவை, இன்னொரு பக்கம் துணைநிலை ஆளுநரின் மாளிகை, நடுவில் வெள்ளை ஆயி மண்டபம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்காரும் இடத்துக்கும் டெல்லி அனுப்பியவர் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிழலும் சுண்டல் வண்டியும்தான் இருக்கின்றன. ஆனாலும் ஓர் அரசுக் கோப்பு இந்தத் தூரத்தைக் கடக்கச் சில சமயம் மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சில கோப்புகள் கடப்பதே இல்லை. 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் டெல்லிக்குப் போய், அங்கிருந்து வேறு முகத்தோடு திரும்பும்.

அந்தக் கோப்பு எப்படிப் பிறக்கிறது என்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு துறையில், மின்விசிறி காற்றுக்குத் தாள் பறக்காமல் கல் வைத்த மேசையில், ஓர் உதவியாளர் முதல் குறிப்பை எழுதுகிறார். கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போடுகிறார். சார்புச் செயலர், செயலர், பணம் சம்பந்தப்பட்டதென்றால் நிதித் துறை, பிறகு அமைச்சர், தேவையானால் முதல்வர். தமிழ்நாட்டில் பெரும்பாலான கோப்புகளின் ஏற்றம் இங்கே முடிந்துவிடும். அமைச்சர் கையெழுத்திட்டால் அரசாணை. புதுச்சேரியில் முக்கியமான கோப்புக்கு இன்னும் ஒரு படி உண்டு. அந்தப் படிதான் இந்த யூனியன் பிரதேசத்தின் அறுபதாண்டு அரசியலையும் தீர்மானித்திருக்கிறது.

அந்தப் படியைக் கட்டியது 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். அதற்குப் பதினான்கு நாள் முன்பு கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்திருந்தார்கள். 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து முடிக்க 1962 ஆகிவிட்டது. அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு, இந்தப் பகுதிகளுக்கு இருந்த தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், மாற்றம் செய்வதானால் மக்கள் விருப்பத்தை அறிந்து செய்யலாம் என்றும் சொன்னது. மறு வருடமே சட்டப்பேரவை வந்தது. எதுவார் குபேர் முதல் முதல்வரானார். இன்று கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்தான்.

அந்தச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, அமைச்சரவை துணைநிலை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும் என்கிறது. இது வரைக்கும் மாநிலங்களில் உள்ளதுதான். அதை ஒட்டி ஒரு வரம்புரை வருகிறது: ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் எந்த ஒரு விஷயத்திலும் கருத்து வேறுபாடு வந்தால், அவர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி, வரும் முடிவின்படி நடக்க வேண்டும், அவசரமென்றால் முடிவு வரும் வரை தானே உத்தரவிடலாம். 50-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது: ஆளுநரும் அமைச்சரவையும் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டின் கீழ், அவர் தரும் குறிப்பான உத்தரவுகளுக்கும் கட்டுப்பட்டவர்கள். பட்ஜெட்டைப் பேரவையில் வைப்பதற்கே அவருடைய முன் ஒப்புதல் வேண்டும்.

குடியரசுத் தலைவரை மையமாக வைத்த ஆட்சி என்றதும் நமக்கு இலங்கை நினைவுக்கு வரும். ஜே.ஆர். ஜெயவர்தன 1978-இல் உருவாக்கிய நிறைவேற்று அதிகார ஜனாதிபதி பதவிக்கு 2001-இல் 17-ஆம் திருத்தம் கடிவாளம் போட்டது, 2010-இல் 18-ஆவது அதை அவிழ்த்தது, 2015-இல் 19-ஆவது மறுபடி போட்டது, 2020-இல் 20-ஆவது மறுபடி அவிழ்த்தது. அங்கே கடிவாளம் கண்ணுக்குத் தெரியும். அவிழ்ப்பவர் யாரென்றும் தெரியும். வேண்டாதவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். புதுச்சேரியின் கதை வேறு. இங்கே கோப்பு போய்ச் சேரும் விலாசம் குடியரசுத் தலைவர். ஆனால் அரசியல் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடப்பார். நடைமுறையில் கோப்பு பிரிக்கப்படுவது உள்துறை அமைச்சகத்தில், யூனியன் பிரதேசப் பிரிவில் உள்ள ஒரு மேசையில். அந்த அமைச்சகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு. அங்கே புதுச்சேரியின் குரல் மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம் பேருக்குச் சற்றே குறைவாக இருந்த ஓர் ஊருக்கு, தன்னை ஆளும் மிகப் பெரிய அதிகாரத்தின் மேல் இருக்கும் பிடி அவ்வளவுதான்.

சட்டம் இப்படி இருந்தும் ஐம்பது ஆண்டுகள் வண்டி ஓடியது. சட்டத்தில் இல்லாத சில பழக்கங்களும் அலுவல் விதிகளில் இருந்த சில படிகளும் அதற்குக் காரணம். அமைச்சரோடு ஆளுநருக்கு ஒத்துவராவிட்டால் முதலில் அவரோடு பேசிப் பார்க்க வேண்டும், தீராவிட்டால் அமைச்சரவை முன் வைக்கச் சொல்லலாம், அப்புறம்தான் டெல்லி. பழைய ஆளுநர்கள் பலர் ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஒதுங்கிய அரசியல்வாதிகள். ராஜ்நிவாஸ் அவர்களுக்கு நல்ல கடற்காற்றுள்ள ஒரு வீடு. கோப்பு வந்தால் ஒப்பமிட்டு அனுப்பினார்கள். முதல்வர் ஒரு கட்சி, டெல்லி வேறு கட்சி என்று வந்த காலங்களிலும் உரசல்கள் வந்தன. பூங்காவைத் தாண்டிப் பேசி முடித்தார்கள். சண்டை வராத காலத்தில் யாரும் சட்டத்தை மாற்றவும் முனையவில்லை. பின்னாளில் முதல்வரான வி. நாராயணசாமி மன்மோகன் சிங் அரசில் பிரதமர் அலுவலக இணையமைச்சராக இருந்தவர். அந்தப் பத்தாண்டில் மாநில அந்தஸ்து கேட்டு முடித்திருக்கலாமே என்று புதுச்சேரியில் இன்றும் டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

2016 மே மாதம் கிரண் பேடி துணைநிலை ஆளுநராக வந்தார். அடுத்த மாதமே நாராயணசாமி முதல்வரானார். அது முதல் கோப்பின் பயணம் மாறிப்போனது. பேடி வாய்க்கால்களைப் போய்ப் பார்த்தார், சைக்கிளில் சுற்றினார், மனு வாங்கினார், அதிகாரிகளுக்கு நேரடியாக உத்தரவிட்டார். மக்கள் பணத்துக்குக் காவல் இருக்கிறேன் என்பது அவர் வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தூர்வாரப்பட்ட வாய்க்கால்களை ஊரே பார்த்தது. ஆனால் கோப்பின் கண்ணிலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. கீழிருந்து மேலே ஏறி வந்தவரை அதற்கு ஒரு வரிசை இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து, ஒரு பொறுப்பு. இப்போது மேலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி கீழ்மேசைக்கு வந்தது. அமைச்சர் நடுவில் விடுபட்டார். 2017 ஜனவரியில் அரசுப் பணிக்கு அந்தச் செயலியைப் பயன்படுத்தக் கூடாது என்று முதல்வர் தரப்பில் சுற்றறிக்கை போனது. ஆளுநர் சில நாளிலேயே அதை ரத்து செய்தார். சிரிப்பாகத் தோன்றலாம். எந்த வழியாக உத்தரவு போக வேண்டும் என்பதில்தான் யார் ஆள்கிறார் என்பதும் அடங்கியிருந்தது.

அதே ஜனவரியிலும் பிறகு ஜூனிலும் உள்துறை அமைச்சகம் விளக்கக் கடிதங்கள் அனுப்பியது. எந்தக் கோப்பையும் ஆளுநர் வரவழைக்கலாம் என்பது அவற்றின் சாரம். இவற்றை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர் க. லட்சுமிநாராயணன்; காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர், முதல்வரின் நாடாளுமன்றச் செயலர். அவர் தொகுதியின் பெயர் ராஜ்பவன். இதை நான் கற்பனை செய்யவில்லை. புதுச்சேரியின் தொகுதிப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.

வழக்கு நடக்கையில் ஒரு கோப்பு மட்டும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது: இலவச அரிசிக் கோப்பு. சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ. அரிசியாகவே தருவோம் என்றது அமைச்சரவை. தரம் கெட்ட அரிசி, கசிவு, ஒப்பந்தக்காரர்கள் என்று காரணம் சொல்லி, கிலோவுக்கு 30 ரூபாய் வீதம் 600, 300 என வங்கிக் கணக்கில் பணமாகப் போடுங்கள் என்றார் ஆளுநர். கோப்பு பூங்காவைத் தாண்டியது, திரும்பியது, மறுபடி போனது. கடைசியில் வரம்புரை வேலை செய்தது: கருத்து வேறுபாடு என்று டெல்லிக்குப் போனது. பணம்தான் என்று பதில் வந்தது. அரசு தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் 2020 தொடக்கத்தில் தோற்றது. அரிசியா, பணமா என்பதில் இரு பக்கமும் நியாயம் உண்டு; பொருளாதார அறிஞர்களே ஒத்துப்போகாத விஷயம். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு ரேஷன் கடை மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்களில் ஒருவரும் அந்தக் கடையைப் பயன்படுத்துவோரிடம் வாக்குக் கேட்டு வர வேண்டியவர் இல்லை. அரிசி இல்லாத ரேஷன் கடைகளும் நாளடைவில் மூடிக்கிடந்தன. ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, வேறு முதல்வர், வேறு ஆளுநர் காலத்தில்தான் கடைகள் மறுபடி திறந்தன, அரிசியே வந்தது.

2019 பிப்ரவரி 13 அன்று கோப்புகளைத் தேடி முதல்வரே கிளம்பினார். கறுப்புச் சட்டை அணிந்த நாராயணசாமியும் அமைச்சர்களும் ராஜ்நிவாஸ் எதிரில் சாலையில் உட்கார்ந்தார்கள். இரவு அங்கேயே படுத்தார்கள். தேங்கிக் கிடக்கும் கோப்புகளுக்கு ஒப்புதல் கொடுங்கள் என்பது கோரிக்கை. மறுநாள் ஆளுநர் டெல்லி போய்விட்டார். 18-ஆம் தேதி பேச்சு நடந்து, போராட்டம் முடிந்தது. தான் கையெழுத்திட்ட தாளுக்காக ஒரு முதல்வர் நடைபாதையில் தூங்கினார் என்பதைத் தனிமனிதச் சண்டையாகவே பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஊர்க்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். இருவரின் சுபாவமும் அதற்கு இடம் கொடுத்தது என்பதும் உண்மை.

ஏப்ரல் 30 அன்று லட்சுமிநாராயணனின் வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். மகாதேவன் தீர்ப்பளித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாட வேலைகளில் ஆளுநர் தலையிட முடியாது என்றார். உள்துறையின் இரண்டு விளக்கக் கடிதங்களையும் ரத்து செய்தார். முந்திய ஆண்டு ஜூலை 4 அன்று டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது அவருக்குக் கைகொடுத்தது: ‘எந்த விஷயத்திலும்’ என்பதற்கு ‘ஒவ்வொரு விஷயத்திலும்’ என்று பொருள் கொள்ள முடியாது. புதுச்சேரியில் பட்டாசு வெடித்தது. கோப்பு தன் பழைய வழிக்குத் திரும்பிவிட்டதாகத் தோன்றியது. பத்து மாதம்தான். 2020 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த ஜூலையில் பட்ஜெட் நாளன்று ஆளுநர் பேரவைக்கு உரையாற்றவே வரவில்லை.

இதுவரை சொன்னவை பூங்காவைக் கடக்க முடியாமல் தவித்த கோப்புகள். ஆனால் பேரவையின் கணக்கையே மாற்றிய கோப்பு ஒன்று பூங்கா பக்கமே வரவில்லை. 1963 சட்டம் முப்பது உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றும், மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்றும் சொல்கிறது. 2017 ஜூன் 23 அன்று அந்த மூன்று பெயர்களோடு அறிவிக்கை வெளியானது: வி. சாமிநாதன், கே.ஜி. சங்கர், எஸ். செல்வகணபதி. மூவரும் பாரதிய ஜனதா கட்சி. ஓராண்டு முன்பு நடந்த தேர்தலில் அந்தக் கட்சி ஓரிடத்தில்கூட வெல்லவில்லை. முதல்வரின் மேசைக்கோ அமைச்சரவைக்கோ எந்தக் கோப்பும் வரவில்லை. ஜூலை 4 அன்று ராஜ்நிவாசிலேயே ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பேரவைத் தலைவர் வெ. வைத்திலிங்கம் ஏற்க மறுத்தார். மூவரும் பேரவை வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள்.

இங்கேயும் வழக்காடியவர் ராஜ்பவன் தொகுதி லட்சுமிநாராயணன்தான். புதுச்சேரி அரசைக் கலந்து பெயர் எடுப்பதுதான் வழக்கம் என்று வாதிட்டார்கள். 2018 மார்ச்சில் உயர் நீதிமன்றமும், டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் சிக்ரி, அசோக் பூஷண், அப்துல் நசீர் அமர்வில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நியமன உறுப்பினர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும்கூட வாக்களிக்கலாம். சட்டத்தின் எழுத்தைப் படித்தால் தீர்ப்பில் குறை சொல்வது கடினம். 1963-இல் எழுதியவர்கள் ஒரு தடுப்பும் வைக்காமல் எழுதியிருந்தார்கள். பழக்கம் என்ற ஒன்றை நம்பி விட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்று வாக்குகளின் எடை 2021 பிப்ரவரியில் தெரிந்தது. காங்கிரசிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். 16-ஆம் தேதி இரவு கிரண் பேடி திடீரென்று நீக்கப்பட்டார். தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் 18 அன்று கூடுதல் பொறுப்பேற்று, 22 அன்று பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். முந்தைய நாள் இன்னும் இருவர் ராஜினாமா. ஒருவர் தி.மு.க.வின் வெங்கடேசன். மற்றவர் லட்சுமிநாராயணன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளும் தரப்பில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12. எதிர்த் தரப்பில் என்.ஆர். காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4, ஆக 11. இவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். நியமன உறுப்பினர்கள் 3 பேரையும் கூட்டினால் 14. (சங்கர் அந்த ஜனவரியில் இறந்துவிட, அவர் இடத்துக்கும் டெல்லி உடனே ஒருவரை நியமித்திருந்தது.) ஆளும் தரப்பு கரைந்ததற்கு அதன் சொந்த ஓட்டைகள் முக்கியக் காரணம், நாராயணசாமி அதைப் பேசியதைவிடப் பேடியைப் பற்றிப் பேசியதே அதிகம். ஆனாலும் கடைசி எண்ணிக்கையில் தராசைச் சாய்த்தவை ஒருவர் வாக்கும் பெறாத மூன்று இடங்கள். நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கக் கூடாது என்று முழங்கிவிட்டு, வாக்கெடுப்புக்கு முன்பே முதல்வர் வெளியேறினார். தீர்மானம் தோற்றதாகப் பேரவைத் தலைவர் சிவக்கொழுந்து அறிவித்தார். 25-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. பேரவை உள்துறைக்கு எந்த வகையிலும் கடிவாளமாக இருக்க முடியாது என்பதும் அந்த வாரத்தில் தெளிவானது; பேரவையின் ஒரு பகுதியையே உள்துறைதானே நிரப்புகிறது.

ஏப்ரலில் தேர்தல் நடந்தது. என்.ஆர். காங்கிரசின் என். ரங்கசாமி மே 7 அன்று முதல்வரானார். இரண்டு நாளில் கொரோனா தொற்றுக்குச் சென்னை மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் படுக்கையில் இருந்த அந்த வாரத்திலேயே அடுத்த மூன்று நியமனங்களும் டெல்லியிலிருந்து வந்துவிட்டன, மூவரும் பா.ஜ.க. இம்முறை எதிர்க்கட்சி அரசைக் கவிழ்க்க என்று சொல்ல முடியாது, கூட்டணி அரசு. தேர்தலில் 6 இடம் வென்ற கட்சிக்கு பேரவையில் 9 ஆனது; முதல்வரின் கட்சிக்கு 10.

புதுச்சேரியில் தேய்ந்து சரியாகப் பொருந்தியதும் இந்த ஏற்பாடு ஊரைவிட்டுக் கிளம்பியது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரை யூனியன் பிரதேசமாக்கிய சட்டத்தின் 13-ஆம் பிரிவு, புதுச்சேரிக்குப் பொருந்தும் அரசியல் சட்டத்தின் 239ஏ பிரிவு ஜம்மு காஷ்மீருக்கும் பொருந்தும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டது. நியமன இடங்களும் கூடவே போயின. 2023 திருத்தத்துக்குப் பிறகு அங்கே ஐந்து. கீழூரில் 170 பேர் வாக்களித்தபோது ஸ்ரீநகருக்கு ஒரு மாதிரியைத் தயாரிக்கிறோம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரிப் பேரவை தீர்மானம் போடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 2024 ஆகஸ்ட் 14 அன்றும் ஒன்று நிறைவேறியது. அந்தத் தீர்மானமும் ஒரு கோப்பாகத்தான் டெல்லி போக வேண்டும், ராஜ்நிவாஸ் வழியாக. சண்டைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாத ரங்கசாமியே 2025 ஜூலையில், சுகாதாரத் துறை இயக்குநர் நியமனத்தில் தன் பரிந்துரையை ஆளுநர் கைலாஷ்நாதன் ஏற்காததால் மனம் நொந்ததாகச் செய்தி வந்தது. இருவரும் ஒரே கூட்டணி அனுப்பியவர்கள். ஒருவரும் சாலையில் படுக்கவில்லை. கோப்பு மட்டும் அதே படியில் நின்றது.

லட்சுமிநாராயணன் என்.ஆர். காங்கிரசில் சேர்ந்து, 2021-இல் அதே ராஜ்பவன் தொகுதியில் வென்று, பொதுப்பணித் துறை அமைச்சரானார். சாலை, குடிநீர், கழிவுநீர் என்று அவர் ஒப்பமிட்ட கோப்புகளும், எந்த அதிகாரத்தை எதிர்த்து அவர் இரண்டு நீதிமன்றங்கள் ஏறினாரோ அந்த அதிகாரத்தின் கையெழுத்துக்காகப் பூங்காவைச் சுற்றிப் போயின. அவர் மறுபடி வழக்குப் போடவில்லை.